எட்டிப்பார்க்கிறவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பங்கு வாங்கி விற்கும் நிறுவனத்தில், கம்பெனிகளின் கணக்கைச் சலித்துப் பார்த்து எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதுதான் வேலை. வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஒரே தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊரில் இருக்கிறான். பிறந்தநாளுக்குப் போனில் கூப்பிட்டால் அதுவே பெரிய காரியம். அவன் ஒருநாள் திடீரென்று போன் போட்டான்.

"அக்கா, ஆன்லைன்ல கட்டில், மேஜை விக்கிறானே, அந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாமா? அவன் வெப்சைட்டுக்கு வர்ற கூட்டம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சாம்!"

"பாத்துச் சொல்றேன்டா."

பார்த்தாள். ஒரு காப்பி ஆறுவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கூட்டம் ஏறியது உண்மைதான். ஆர்டர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தினமும் வந்து சக்கரம் சுற்றினால் தள்ளுபடி என்று ஒரு விளையாட்டை வைத்திருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், சுற்றினார்கள், போய்விட்டார்கள். ஒரே ஆள் பத்துத் தடவை எட்டிப்பார்த்தால் பத்து வருகை என்று எழுதிக்கொள்கிறான் கடைக்காரன். நுழைந்தவனெல்லாம் வாடிக்கையாளனா? மழைக்கு ஒதுங்குகிறவனும் கடைக்குள் நுழையத்தானே செய்கிறான்!

மறுநாள் மாலை தம்பி கூப்பிட்டபோது இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய்வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் பாக்கணும்டா" என்றுவிட்டாள். பாவி மனசு! சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குக் கூப்பிடப் போகிறான்?

அதன்பின் தினமும் கூப்பிட்டான். அவளும் விளம்பரச் செலவு, திரும்பி வந்த சரக்கு என்று ஏதாவது ஒன்றை இழுத்துவிட்டாள். நடுநடுவே பேச்சு வேறெங்கோ போகும். சின்னவளுக்குப் பல் விழுந்தது, இவனுக்கு முட்டி வலி, மாமியாரோடு சண்டை. ஃபிரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தம் கேட்காத வீட்டில், போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகிவிட்டாள். "என் தம்பிக்கு என்மேல உசுரு" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். ஊரார் கணக்கையெல்லாம் சலிக்கிறவள், தனக்கு வந்த போன்களை மட்டும் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை அவன் குரலில் அவசரம் தெரிந்தது.

"அக்கா, இனி பொறுக்க முடியாது. வீடு வாங்கச் சேத்ததையெல்லாம் நாளைக்கு அதுல போடப்போறேன். நீயும் வேணாம்னு சொல்லலையே!"



"போடாதேடா! ஒரு பைசா போடாதே. வர்றவன் எவனும் அங்க வாங்குறதில்ல. எனக்கு மொத நாளே தெரியும்."

"மொத நாளேவா? அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி விடு. நல்லவேளை, காப்பாத்திட்டே. வெச்சிடட்டுமா?"

"இரு, இரு, வெச்சிடாதே! செருப்பு விக்கிறவன் ஒருத்தன் இருக்கான்டா. ஓகோன்னு வளர்றான்னு பேசிக்கிறாங்க. பாத்துச் சொல்லட்டுமா?"

"அப்படியா! பாரு, பாரு. நாளைக்குக் கூப்பிடறேன்."

போன் அடங்கியது. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆன்லைனில் செருப்பு விற்கிற கம்பெனி ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.