இஞ்சி போட்ட கஞ்சி

கஞ்சியின் முதல் வாய் தொண்டையில் இறங்கும்போதே திரேசாவுக்கு இஞ்சி தெரிந்தது. அகப்பையை விட்டுக் கிளறிப் பார்த்தாள். தட்டிப் போட்ட இஞ்சி, நார் நாராக. இறைச்சி மட்டும் ஒரு துண்டுகூட இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை திரேசா இறைச்சி தொடமாட்டாள் என்பதைச் சந்திக் கடை மர்லியா, பேச்சு நின்று ஏழு வருடமாகியும் மறக்கவில்லை. அதனால் நோன்புக் கஞ்சியை இறைச்சி போடாமல் காய்ச்சி, அந்தக் குறை தெரியாமலிருக்க இஞ்சியைத் தாராளமாகப் போட்டிருக்கிறாள். அன்பு என்றால் இதுதான். அந்த அன்பைக் கண்டதும்தான் திரேசா அகப்பையைக் கீழே போட்டாள்.

ஏனென்றால் கஞ்சி வந்த அதே தூக்குவாளியில் அவள் அவித்த மரவள்ளிக் கிழங்கைப் போட்டு அனுப்பியிருந்தாள்.

கால் மணி நேரம்தான் ஆகிறது. மர்லியாவின் மருமகன் இப்திகார் த்ரீவீலில் வந்து றப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி, மாமி தந்ததாகத் தூக்குவாளியை நீட்டினான். நோன்பு திறக்க முந்திப் போய்ச் சேர வேண்டுமென்று எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. திரேசாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. முன்பெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழமோ பப்பாசியோ போகும். இன்றைக்கு வீட்டில் இருந்தது, லயத்துக்குப் பின்னால் தானே நட்டுப் பிடுங்கி அப்போதுதான் அவித்து இறக்கியிருந்த கிழங்கு மட்டும்தான். கஞ்சியைச் சட்டியில் கவிழ்த்து, வாளியை அலசி, கிழங்கைப் போட்டு, மேலே தேங்காய்ப்பூவைத் தூவி, சம்பலை வாழை இலையில் மடித்து வைத்தாள். சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவது ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கும் நடக்கும்.

மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேரக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பேசப் பழகும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். சிங்களவரும் சொல்வார்கள், முஸ்லிம்களும் சொல்வார்கள், தோட்டத்தில் சொல்லவே வேண்டாம். அடுத்த லயத்து ரொபர்ட்டின் சின்ன மகள் செத்தபோது டொக்டர் வேறு ஏதோ வியாதி என்று எழுதிக் கொடுத்தார். லயத்தில் யாரும் அதை நம்பவில்லை. காலையில் கிழங்கு, பின்னேரம் இஞ்சித் தேத்தண்ணி என்றுதான் இன்றுவரை பேச்சு. அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியவள் திரேசா. நீலம் பாய்ந்த அந்த உதடுகள் இப்போது கண்ணுக்குள் வந்து நின்றன.

மர்லியாவின் மகள், இப்திகாரின் மனைவி ஸம்ஹா, ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. போன கிழமை தெஹியோவிட்ட பஸ்ஸில் அவள் நின்றுகொண்டு வருவதைப் பார்த்துத் திரேசா எழுந்து இடம் கொடுத்தாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். பேசியது அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குத்தான் இன்றைக்கு இந்தக் கஞ்சி.

போன் பண்ணலாம். ஆனால் நம்பர் இல்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு, ரோட்டில் ஆமிக்காரர்கள் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மர்லியா புருஷனின் நம்பரை, ‘லாபிர் நானா கடை’ என்ற பெயரோடு, தன் விரலாலேயே அழித்தவள் அவள். லாபிர் குடும்பத்துக்கும் அந்தப் பாவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அழித்தாள். கோபத்தில் இல்லை, பயத்தில். அதற்குப் பிறகு மர்லியா கடைக்குள்ளிருந்து இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கேட்காதவளைப் போலக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறாள். பயந்தவர்கள் செய்யும் காரியமும் கெட்டவர்கள் செய்யும் காரியமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

புருஷன் அமிர்தநாதன் சிலுவைப்பாதைக்கு மெழுகுதிரி அடுக்கக் கோயிலுக்குப் போய்விட்டார். திரேசா கதவைச் சாத்தாமலே ஓடினாள்.

கடைச் சந்திக்கு றப்பர் மலை வழியாக இறங்கினால் இரண்டு கிலோமீற்றர். மேலே வானம் கறுத்து இடித்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் றப்பர் பால் வெட்டப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் பாதைதான், இப்போது ஒவ்வொரு வேரும் காலைப் பிடித்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், பாதியில் வார்த்தை தவறி, மூடிபோட்டு அவித்தேனா என்ற கேள்வி வந்து நிற்கும். மரவள்ளியைத் திறந்துதான் அவிக்க வேண்டும், அப்போதுதான் நஞ்செல்லாம் ஆவியில் போய்விடும். திறந்துதான் வைத்தாள். ஆனால் ஈரவிறகு புகைந்ததும் கடைசியில் ஒரு தட்டால் மூடியதாகவும் ஞாபகம். அது இன்றைக்கா, நேற்றைக்கா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அந்தப் பிள்ளைக்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஏதாவது ஆகிவிட்டால்? திட்டம்போட்டுக் கொடுத்தாள் என்பார்கள். ஏழு வருடம் முகம் பார்க்காதவள் திடீரென்று கிழங்கு அனுப்பினாளே, ஏன் என்று கேட்பார்கள். கோயிலில் ஒரு கதை, பள்ளிவாசலில் ஒரு கதை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இந்த நேரத்தில் தன் பெயரைப் பற்றியும் நினைக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே ஓடினாள்.

பாலத்தடியில் போன் அடித்தது. பெயரில்லாத ஏதோ நம்பர். பேச மூச்சு இல்லை. கட் பண்ணிவிட்டாள்.

அடுத்த வளைவில் பாங்கு கேட்டது. கேட்டதும் திரேசாவின் கால்கள் தாமாக நின்றுவிட்டன. இந்நேரம் பேரீச்சம்பழத்தைக் கடித்திருப்பார்கள். இந்நேரம் வாளியைத் திறந்திருப்பார்கள். இனி ஓடி என்ன, ஓடாமல் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடினாள்.

கடையின் பலகைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் இருந்தது, பேச்சுச் சத்தம் இல்லை. திரேசா இரண்டு கையாலும் தட்டினாள். மர்லியாதான் திறந்தாள். அவள் விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

ஏன் இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தீர்கள் என்றாள் மர்லியா. கிழங்கு கிடைத்ததென்று சொல்லக் கோல் எடுத்தேன், கட் பண்ணிவிட்டீர்களே என்றும் கேட்டாள். அவள் போனில் திரேசாவின் நம்பர் இத்தனை வருடமும் பெயரோடு இருந்திருக்கிறது.

"மர்லியா, கஞ்சியில இஞ்சி" என்றாள் திரேசா.

மர்லியா சிரித்துவிட்டாள். "எனக்குத் தெரியாதா அக்கா? வாளியத் தொறந்த ஒடனே கஞ்சிய மூடி வெச்சிட்டன். கஞ்சி நாளைக்கும் காச்ச ஏலும். ஒங்கட கெழங்கு ஏழு வருசத்துக்குப் பொறகுதானே வந்தீக்குது."

திரேசா அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். உள்ளே லாபிர் நானா பாயில் உட்கார்ந்து கிழங்கைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், நல்ல மாக்கிழங்கு என்பதுபோல் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். ஏழு வருடத்துக்குக் கணக்குக் கேட்காத முகம். திரேசாவுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்க இடம் கிடைக்கவில்லை.

"உம்மா" என்று ஸம்ஹா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்டர் வேண்டாமென்றதால் அவள் இந்த வருடம் நோன்பு பிடிக்கவில்லை. "நான் அஸர் தொழுகைக்குப் பொறகு உப்புப் பாக்க ஒரு கோப்ப கஞ்சி குடிச்ச."

"கெழங்கு?" என்று கேட்டாள் மர்லியா.

"மறந்து நாலு துண்டு திண்ட."

மர்லியாவின் சிரிப்பு நின்றது. லாபிர் நானா கையிலிருந்ததைப் பீங்கானில் வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறே முக்கால். அதெல்லாம் சும்மா பேச்சு, ஒன்றும் செய்யாது என்றார், ஆனால் சொல்லும்போதே எழுந்துவிட்டார். மூடாமல்தானே அவித்தீர்கள் என்று மர்லியா மெதுவாகக் கேட்டாள். திரேசாவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஞாபகமில்லை என்றாள். இப்திகார் வெளியே போய் த்ரீவீலை அவிசாவளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.

ஸம்ஹா மட்டும் அசையவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் நெஞ்சு எரிகிறது, அது எப்போதும் எரிவதுதான் என்றாள். பிறகு திரேசாவைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில யார் தந்த எண்டு கேப்பாங்க, உம்மா."

அந்தப் பிள்ளை எதற்காகத் தயங்குகிறாள் என்பது திரேசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் பழைய பயம் திரும்பி வந்தது. பொலிசு, ஊர், கோயில், பள்ளிவாசல் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து வெளியே போனால் லயத்துக்குப் போகும் பாதை.

"கேட்டா எம் பேரச் சொல்லுங்க. நானும் வர்றேன், நானே சொல்றேன்" என்றாள் திரேசா.

டொக்டர் பார்க்கக் கேட்பாரென்று மிச்சக் கிழங்கோடு தூக்குவாளியை அவளே எடுத்துக்கொண்டாள். பின் சீற்றில் ஸம்ஹாவை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் ஏறினார்கள். லாபிர் நானா இப்திகாரோடு முன்னால் ஒட்டிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. றெக்சீன் திரை அடித்து அடித்துத் திரேசாவின் தோளை நனைத்தது. மர்லியா வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தாள். திரேசாவும் தொடங்கினாள், இந்தத் தடவை வார்த்தை தவறவில்லை.

ரோட்டு வளைவில் ஸம்ஹா திரேசாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். வழக்கமாக இந்த நேரத்துக்கு ஒரே உதைதான் என்றாள். மடியில் வாளி இன்னும் சூடாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை. திரேசா கையை எடுக்காமல், அடுத்த வளைவு வரைக்கும், அதற்கடுத்த வளைவு வரைக்கும் வைத்திருந்தாள்.