கரடிக் காவல்

...கரடி என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவை, மிச்சத்தையெல்லாம் பஸ்கள் சொல்லிக்கொண்டன, அதற்கு நான் பொறுப்பா, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்துத் திரிந்த காலத்திலேயே ஒரு வீட்டில் நான் விட்ட கதை அடுத்த தெருவுக்கு எனக்கு முன்னால் போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும், ஆனால் அதெல்லாம் எருமை மாடி ஏறிய கதை, மீட்டருக்குள் தேரை குடித்தனம் நடத்திய கதை, யாருக்கும் சேதாரம் கிடையாது, இது அப்படி இல்லை என்கிறார் சந்திரலேகா மேடம், சிதம்பரத்தில் என் மகள் வினோதினியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர், காலையில் போனில் நல்ல சூடு, சார், கீரப்பாளையத்துல எழிலரசின்னு ஒரு பொண்ணு, வினோதினி போன அதே பயிற்சிக்கு எடுத்திருக்காங்க, அவ அம்மா அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, கடலூர் பொண்ண கரடி அடிச்சிதாமே, எம்பொண்ணையும் அடிக்கட்டுமான்னு கேக்குறாங்க, நாளைக்குள்ள பதில் சொல்லலன்னா எடம் வேற யாருக்காவது போயிடும், நீங்க வெச்ச நெருப்பு சார், நீங்களே போயி அணைங்க... நெருப்பு என்றா சொன்னார், ஆமாம், அப்படித்தான் சொன்னார், பாவம், யோசிக்காமல் சொல்லியிருப்பார். விருத்தாம்பாள் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள், மகள் போனதிலிருந்து என்னோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டவள், போங்க, போயி உள்ளத சொல்லிட்டு வாங்க, வாயில வருதான்னு பாக்கலாம், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

உள்ளது என்ன, உள்ளது செம்மண்டலத்தில் எல்லாருக்கும் தெரியும், திருப்பாதிரிப்புலியூரில் பாதிப் பேருக்குத் தெரியும், முதுநகர் வரைக்கும்கூடக் கொஞ்சம் தெரியும், ஆலப்பாக்கம் தாண்டினால் கரடி. இந்த பஸ் இப்போது ஆலப்பாக்கத்தைத்தான் தாண்டிக்கொண்டிருக்கிறது, கத்திரி வெயில், ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அந்த முதல் தடவையும் இதே பஸ்தான், மகளுடைய மேசையைக் காலி செய்து கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒருவர், பொண்ணு என்னா பண்ணுது என்றார், பனிக்கடல் ஆராய்ச்சி என்றேன், இப்ப எங்க இருக்குது என்றார், நான் என்ன சொல்வது, லாரி என்றால் அடுத்த கேள்வி வரும், ஹெல்மெட் போட்டிருந்தாளா, எந்தப் பக்கம் திரும்பினாள், தப்பு யார் மேல், கேஸ் எந்த நிலையில் இருக்கிறது... கரடி என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், கரடி ஹெல்மெட்டைப் பற்றிப் பேச விடாது. கரடி அடிச்சிடுச்சிங்க என்றேன், முகத்தில் ஒரு கோடு அசையாமல், அவரும் அசையாமல் கேட்டார், சிதம்பரத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு ஆள்... அந்தக் கை சூடாக இருந்தது, அவ்வளவு தூரம் போனவளுக்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது, செம்மண்டலம் முக்கு என்பது மரியாதையான இடமா, நார்வேக்கு மேலே போய், பனிவெடிப்புக்கு மேலே கயிற்றில் தொங்கிப் பழகி, ஐஸ் தண்ணீரில் தள்ளிவிட்டால் பதறாமல் எப்படி மூச்சு விடுவது என்று கற்று, ஊர் திரும்பிய வாரத்திலேயே, புரோட்டாவுக்கு நாக்கு செத்துப் போச்சுப்பா என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்... போதும்.

அவள் அங்கே இருந்தவரைக்கும் நானும் சும்மா இல்லை, அங்கே கோடையில் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தால் பொங்கலுக்குத்தான் புளிக்கும் என்று டீக்கடையில் சொன்னேன், நம்பினார்கள், சூரியன் மறையாத ஊர், ராத்திரிக்குச் சூரியனை ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடுகிறார்கள், அதற்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார் என்றேன், அதையும் நம்பினார்கள், அவள் சொன்ன உண்மையைத்தான் யாரும் நம்பவில்லை, அந்தப் பனியில் அவள் தேடியது கரியை, எங்கெங்கோ எரிகிறதெல்லாம் காற்றோடு கிளம்பி அங்கே போய் வெள்ளைப் பனி மேல் உட்காருகிறதாம், கறுத்த பனி வெயிலைக் குடித்துச் சீக்கிரம் உருகிப்போகிறதாம், இங்க குப்பைய கொளுத்துறாங்களே, அதுகூட எங்கியாவது சுத்தி வரும்ப்பா என்றாள், தன் மூச்சுக்காற்றுகூடப் பட்டுவிடாமல் காற்றுக்கு எதிர்முகமாக நின்று கரண்டியால் அள்ள வேண்டுமாம், அதற்கு ஒரு பயிற்சி. இன்னொரு பயிற்சிதான் எனக்குப் பிடித்தது. நாலு பேர் குனிந்து வேலை செய்தால் ஒருவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கையில் துப்பாக்கி, கழுத்தில் விசில், பார்வை வெளியே வெள்ளையில், பின்னால் யார் சிரித்தாலும் அழுதாலும் தலையைத் திருப்பக் கூடாது, குனிந்தவர்களுடைய உயிர் நிற்கிறவருடைய கண்ணில் இருக்கிறது, அதற்குப் பெயர் கரடிக் காவல். புறப்படுவதற்கு முன்னால் சில்வர் பீச்சில் என்னை நிறுத்திப் பழகினாள், துப்பாக்கிக்குக் குடை, அவள் பின்னால் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள், யப்பா, இங்க பாக்காதீங்க, கடலப் பாருங்க, நான் கடலைப் பார்த்தேன், ஒரு நாய் வந்தது, விசிலை ஊதினேன், ஐஸ் வண்டிக்காரர் போலீஸ் என்று நினைத்து ஓடினார், பாண்டிச்சேரி எல்லை தாண்டித்தான் நின்றார் என்று பிற்பாடு சொன்னேன், பொய், ஆனால் ஓடினார். அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நான் பார்க்கவில்லை, கேட்டேன், திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தாளே. காவல் நிக்கிறவன் முதுகுப் பக்கம் யாரும்மா பாக்குறது என்று கடலைப் பார்த்தபடியே கேட்டேன், நாங்க இருக்கோம்லப்பா என்றாள். அப்புறம் இருட்டிவிட்டது, போதும்பா, வாங்க என்று வந்து தோளைத் தொட்டாள்.

புதுச்சத்திரத்தில் ஒரு அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார், குமராட்சிக்குப் போகிறவர், மடியில் பலாப்பழம், பெரியவரே எங்க, கீரப்பாளையம், அங்க யாரு, ஒரு பொண்ண வெளிநாடு அனுப்புற விசயமா, எந்த நாடு, பனி ஊருதான், வட துருவம்... அந்த அம்மாள் பலாப்பழத்தை இறுக்கிக்கொண்டார், ஐயோ, அனுப்பாதீங்க, உங்களுக்குச் சேதி தெரியாதா, கடலூர்ல ஒரு பொண்ணு, எம்மாம் படிப்பு, கரடி தூக்கிட்டுப் போயிடுச்சி, ஒரு கரடி இல்ல, தாயும் ரெண்டு குட்டியும், பொண்ணு கைய எடுத்துக் கும்புட்டுச்சாம், குட்டிங்க நின்னுடுச்சாம், தாய்க்கரடிதான் கேக்கல... குட்டிகளை நான் வைக்கவில்லை, சத்தியமாக, கும்பிட்டதும் என்னுடையது இல்லை, யாரோ நல்ல கைகாரர், எனக்குக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பொண்ணோட அப்பா என்னா ஆனாரு என்று கேட்டேன், ஏன் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அந்த ஆளா, மூளை கலங்கிப் போச்சாம், பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கறானாம், பக்கத்துல குந்துனவங்ககிட்டல்லாம் பொண்ணு கதைய சொல்லுறானாம், பாவம், இருக்கறவங்க சும்மா விடுவாங்களா, கேட்டுக் கேட்டே கலங்க வெச்சிருப்பாங்க. அப்படியா என்றேன். நீங்க பாத்துருக்கீங்களா அந்த ஆள என்றார். ஒரு தடவை பாத்திருக்கேன், பாக்க நல்லாத்தான் இருந்தாரு என்றேன். வெள்ளாற்றுப் பாலத்தில் யாரோ கரையில் எதையோ கொளுத்தியிருந்தார்கள், புகை நிமிர்ந்து எழும்பி, கொஞ்சம் யோசித்து, வடக்கே சாய்ந்தது... அன்றைக்குக் கெடிலக்கரையிலும் அப்படித்தான், வடக்கே, நான் பார்த்தேன், எல்லாரும் சிதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், போய்ச் சேர்ந்திருக்குமா, எந்தப் பனியில் உட்கார்ந்திருக்கும், யாராவது ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கரண்டியால் அள்ளுவாளா... இதையும் நானே கட்டிவிட்டேனா, அல்லது இது அவள் சொன்ன கணக்குப்படி நடக்கக்கூடியதுதானா, இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கீரப்பாளையத்தில் எழிலரசியின் அம்மா சின்னம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை, தையல் மெஷின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது, சுவரில் இயேசு படம், கதவோரத்தில் எழிலரசி, ஒல்லியாக, கண்ணெல்லாம் என் வாய் மேல், அவளுடைய ஆறேழு வருடப் படிப்பு முழுவதும் இந்த ஓட்டைவாய்க் கிழவனுடைய வாய்க்குள் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது, அம்மாவின் மனது கோணாமல் போக வேண்டும் என்கிறாளாம். சின்னம்மாள் ரவிக்கை தைத்துக்கொண்டே, சொல்லுங்கய்யா என்றார். கடலூர்ப் பொண்ணுக்கு நான்தான் அப்பா என்றேன், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கரடி இல்லம்மா என்றேன். ஓடிக்கொண்டிருந்தது. மேடம் சொல்லிக்குடுத்து அனுப்புனாங்களாய்யா, எம்பொண்ணு போவணும்னு பெத்த பொண்ணு செத்த கதையையே மாத்துறீங்களா, நல்லா இருக்குதுய்யா... எனக்குச் சிரிப்பு வந்தது, இத்தனை வருடத்தில் முகத்தைப் பார்த்து என்னைப் பொய்யன் என்று சொன்ன முதல் ஆள், அதுவும் நான் உண்மை சொல்லும்போது. என்ன சொல்லி நம்ப வைப்பது, பொய் என்றால் கரடிக்கு மூக்கு வைப்பேன், குட்டி வைப்பேன், உண்மைக்கு எதை வைப்பது, அதில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. புரோட்டா வாங்கப் போனாம்மா, எங்க செம்மண்டலம் முக்குல தண்ணி லாரி, நான் போயி பாக்குறப்ப வண்டி சாஞ்சு கெடந்துது, கொக்கியில சால்னா பாக்கெட்டு தொங்கிகிட்டு இருந்துது, சூடா இருந்துது, ஒரு சொட்டு சிந்தல. மெஷின் நின்றது. கரடி, என்றார் சின்னம்மாள், கேள்வி மாதிரியும் இல்லை. கரடி ஒண்ணும் பண்ணலம்மா, பத்திரமா திருப்பி அனுப்பிச்சிது.

எழிலு, ஐயாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடு என்றார், பெண் போனதும் குரலை இறக்கினார், போவட்டும்யா, மேடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லுறேன்... ரவிக்கையை மடித்து வைத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார், ஆனா ஒண்ணு, அங்கதான் காவலுக்கு ஆளு நிறுத்துறாங்க, துப்பாக்கி குடுக்குறாங்க, எல்லாம் சரி, திரும்பி வந்தப்புறம் இங்க யாருய்யா பாத்துக்குறது? எதற்கும் என்னிடம் ஒரு கதை உண்டு, தார்ப்பாய் உண்டு, தேரை உண்டு, தண்ணீரை வாங்கிக் குடித்தேன், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன், எழிலரசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சந்தோஷத்தில்தான், அவள் வயது அப்படி. எதிர்க்காத்துப் பக்கம் மூஞ்ச வெச்சிகிட்டு அள்ளும்மா என்றேன், அவளுக்குத் தெரியாததா, ஏன் சொன்னேன் என்று அவளும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை, குடை இருக்கிறது, விரிக்கத் தோன்றவில்லை, ஊன்றிக்கொண்டு நிற்கிறேன், எதிரே உளுந்து எடுத்து முடித்த வயல், வெயில் அடிக்கிற அடியில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெள்ளை, சாலை எனக்குப் பின்னால், மினி பஸ் போகிறது, லாரி போகிறது, யாரோ ஸ்கூட்டியில் சிரித்துக்கொண்டு போகிறார்கள், நான் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே இருந்த நாளெல்லாம் வடக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ராத்திரி எழுந்து வந்துகூட, கரடி வந்தால் இங்கிருந்து விசில் ஊதுகிறவன் மாதிரி, அவள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது... விருத்தாம்பாள் கேட்பாள், வாயில வந்துதா, வந்துது என்று சொல்ல வேண்டும், நம்புவாளா, பஸ் வருகிற சத்தம் கேட்கிறது, திரும்பினால் ஏறிவிடலாம், முதுகில் வெயில் சுடுகிறது, தோளில் ஒன்றும் படவில்லை, கடற்கரையில் திரும்பிப் பார்க்காதே என்றாயே தவிர, போதும் என்று சொல்ல நீ வராவிட்டால் நான் எதுவரைக்கும் நிற்பது என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை...