லேபிள் கட்டு

இறந்துபோன அப்பாவுக்குப் போட்டுவிட்ட சட்டையின் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள் மகள். பின்னால் வந்து நின்ற சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்த லேபிள் கட்டு உங்கிட்டதானம்மா இருக்கு?”

அவள் திரும்பவில்லை. உடம்பு இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அதற்குள் லேபிளாம்!

கிடார் பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. மாதம் ஐந்து கிடார் என்றிருந்ததை அறுபதாக்க வேண்டும் என்று மரம் அறுக்கும் மெஷினை வாங்கிப் போட்டவர் சித்தப்பா. அப்பா சண்டைக்குப் போகவில்லை. “அறுக்கறத மெஷின் அறுக்கட்டும். ஆனா ஒவ்வொரு முகப்பலகையையும் நான் தட்டிப் பாப்பேன். காதுக்குச் சரின்னு பட்டாத்தான் கையெழுத்துப் போட்டு கிடாருக்குள்ள லேபிள் ஒட்டுவேன்” என்றார். நான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. சத்தம் சரியில்லாத பலகையை அவரே மறுபடி இழைத்தார். தட்டித் தட்டி நடுவிரல் முட்டி காய்த்துப்போயிருந்தது.

அவர் படுத்ததும் சித்தப்பா வெற்று லேபிள்களோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். “கையெழுத்து மட்டும் போட்டு வைண்ணே. ஆர்டர் நிக்குது.”

அப்பா மறுபேச்சில்லாமல் பேனாவைக் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சலாக வந்தது. ஒரு வாரம் எழுதினார். கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு, “நான் போனப்புறம் கேப்பான். அப்ப குடு” என்றார்.

“கேக்கற காதே போயிடுச்சே சித்தப்பா. இனி யாரு தட்டிப் பாக்கறது?” என்று இப்போது திரும்பிக் கேட்டாள்.

“வாங்கறவனுக்கு அதெல்லாம் தெரியவா போகுது? பன்னெண்டு பேரோட வயித்துப்பாடும்மா.”

“வெக்கமா இல்ல உங்களுக்கு?” வாசலில் நின்ற பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து லேபிள் கட்டை எடுத்து அவர் மேலேயே விட்டெறிந்தாள். “இந்தாங்க, ஒட்டிக்கோங்க!”

ரப்பர் பேண்ட் அறுந்து லேபிள்கள் தரையெங்கும் சிதறின. சித்தப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். படித்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் அவசர அவசரமாகப் பொறுக்கினார்.

தன் காலடியில் கிடந்ததை அவள் எடுத்தாள். கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது: ‘இதை நான் தட்டிப் பார்க்கவில்லை.’

அடுத்ததிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும்.

“தூக்கலாமா?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள். சித்தப்பா காதில் வாங்கவில்லை. அப்பாவின் கட்டிலடியில் மண்டியிட்டு, வெறும் கையெழுத்தோடு ஒன்றாவது இருக்காதா என்று புரட்டிக்கொண்டிருந்தார்.