மேசைப் படம்

காலை எட்டு மணிக்குள் மேசைப் படம் போட்டுவிட வேண்டும். அந்தக் குழுவில் அது எழுதாத சட்டம்.

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் மருந்துக்கடை உதவியாளர் படிப்புப் படிக்கிறவர்கள் இருபத்தாறு பேர். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு புனைபெயர். முதல் மாதத்திலேயே பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டதைப் பார்த்துத்தான் டீச்சர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். "மூஞ்சி வேண்டாம், படிக்கிற மேசையைக் காட்டுங்க, போதும்" என்றார். மூன்று நாள் படம் வராவிட்டால் யாராவது கூப்பிட்டு, "என்னங்க, உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே விடாமல் படித்தவர்கள் உண்டு.

அவர்களில் மின்மினியும் ஒருத்தி. குழுவில் அவள் பெயர் அதுதான். உடைந்த மணிக்கட்டோடு புருஷன் வீட்டைவிட்டு வெளியேறி ஏழு மாதமாகிறது. அக்கா தன் வேலையை உதறிவிட்டு அவளோடு இந்தப் புது ஊருக்கு வந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அவன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், பரீட்சையில் தேறித் தெருமுனை மருந்துக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டே ஆசைகள். பரீட்சை இன்றைக்கு.

குழந்தையின் எடைக்குத் தக்க மருந்தளவைக் கணக்கிடுவதுதான் அவளுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. அதை இனிக்க வைத்தவர் பென்சில். இரண்டு மாதத்துக்கு முன் குழுவில் சேர்ந்தவர். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் ஒவ்வொரு படியாகத் தட்டச்சு செய்து அனுப்புவார்.

"யாருடி அந்தப் பென்சில்? பேரைச் சொன்னாலே உன் முகம் சீவி விட்ட மாதிரி மின்னுது" என்று அக்கா சீண்டுவாள்.

"போக்கா. அவரு கணக்குச் சொல்லித் தர்றாரு."

"எல்லா வம்பும் கணக்குலதான்டி ஆரம்பிக்கும்."

பென்சில் மட்டும் மேசைப் படம் போட்டதே இல்லை. "என் மேசை குப்பைமேடு, பார்த்தா பயந்துடுவீங்க" என்று மழுப்புவார். ஆனால் மற்றவர்கள் படங்களை ஆசையாகப் பார்ப்பார். 'மின்மினி, உங்க ஜன்னல்ல நல்ல வெளிச்சம். கிழக்குப் பக்கமா?' 'அந்த உயரமான தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல பள்ளிக்கூடமா? நீங்க அனுப்புன குரல்பதிவுல மணிச்சத்தம் கேட்டுச்சே.' எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லியிருந்தாள். நம்மையும் ஒருவர் இத்தனை கவனிக்கிறாரே என்று உள்ளூரக் குளிர்ந்தும் போயிருந்தாள்.

இன்று எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பென்சிலின் முதல் படம் வந்தது. 'பரீட்சை நாளாச்சே. நானும் என் மேசையைக் காட்டிடறேன்.'

குழு முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். மின்மினி சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள்.

மரப்பலகையின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி வடிவில் கருகிய தழும்பு.

புருஷன் வீட்டு மேசையில் அவள் கைதவறிச் சுட்ட தழும்பு அது. அன்றைக்குத்தான் அவன் முதல்முறை கை நீட்டினான். கல்யாணமான புதிதில், மருந்துக்கடை வேலைக்குப் படிக்க ஆசை என்று அதே மேசையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னவளும் அவள்தான்.

"அக்கா..." என்று மின்மினி கைபேசியை நீட்டினாள்.

அக்கா பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. "தெரியாத்தனமாப் போட்டிருப்பானோ?"

"அவனா? தெரியாம ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டான். நான் பார்க்கணும்னுதான் போட்டிருக்கான்."

குழுவில் அதே ஊரில் இருந்தவள் பஸ் கண்டக்டர் ஒருத்தி மட்டும். அவளைத் தனியாக அழைத்ததும், "இப்பவே கிளம்பி என் வீட்டுக்கு வாங்க" என்றாள். "பரீட்சையை இங்க உட்கார்ந்து எழுதும்மா. முடிச்ச கையோட மூணு பேரும் போலீஸுக்குப் போவோம். குழுவுல மூச்சு விடாத. நீ கண்டுபிடிச்சது அவனுக்குத் தெரியவேண்டாம்." மேசையில் கிடந்த மருந்துப் பட்டியலின் பின்பக்கத்தில் அக்கா வழியை மளமளவென்று குறித்துக்கொண்டாள்: பஸ் எண், இறங்கும் இடம், கதவு எண். மடிக்கணினியைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

பரீட்சை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கைபேசியை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. கண்டக்டர் தன் சமையலறை மேசையை ஒழித்துக் கொடுத்து, "எழுது ராசாத்தி. டிக்கெட் இல்லாம ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்" என்றாள். கடைசிக் கேள்வி குழந்தையின் எடையும் மருந்தளவும். மின்மினி அதைச் சரியாகப் போட்டாள். அவன் சொல்லித்தந்த படிகளிலேயே போட்டாள்.

பன்னிரண்டே காலுக்குக் கைபேசியை உயிர்ப்பித்தாள். குழுவில் வாழ்த்துகள் குவிந்திருந்தன. நடுவே பென்சிலின் இன்னொரு படம்.

நீலக் கோப்பை. சாய்ந்த புத்தக அடுக்கு. ஜன்னலுக்கு வெளியே உயரமான தண்ணித்தொட்டி. அவளுடைய மேசைதான். வழக்கமாக அவள் படம் எடுக்கும் அதே கோணம். தள்ளிவைத்த நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

அதன் கீழே டீச்சர் எழுதியிருந்தார்: 'அடடே, ரெண்டு மேசையா! இது ரொம்பச் சுத்தமா இருக்கே.' பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பூட்டிட்டுத்தானடி வந்தோம்?" என்றாள் ஈனக்குரலில்.

மின்மினி படத்தின் மூலையைப் பெரிதாக்கினாள். கோப்பைக்கு அடியில் ஒரு தாள். மருந்துப் பட்டியல்தான், பின்பக்கம் மேலே தெரிய. அக்காவின் கொட்டை எழுத்து, அவசரத்திலும் அழகான கையெழுத்து.

"சீட்டை எடுத்துக்கலையாக்கா?"

"எழுதும்போதே மனப்பாடம் ஆயிடுச்சேன்னு..."

படம் வந்த நேரம் பதினொன்று முப்பத்திரண்டு.

"கண்டக்டரம்மா" என்றாள் மின்மினி. "எங்க தெருவுல ஏறினா இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

வாழ்நாளெல்லாம் அந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்தவள் யோசிக்கவே இல்லை. "நாப்பது நிமிஷம். ஏம்மா?"

தெருவில் பஸ் ஒன்று நின்று, கதவு மூடி, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கண்டக்டர் எழுந்து போய்க் கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டாள்.