மாப்பிள்ளைகளை நிறுத்திய மாடிப்படி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சந்தானத்தின் வீட்டு மாடிப்படி, அவர் மகள் அனன்யாவைப் பெண் பார்க்க வந்த பையன்களை மேலே ஏற விடவில்லை. பால்காரரும் கேபிள்காரரும் எப்போதும்போல ஏறி இறங்கினார்கள். மாப்பிள்ளையாக வந்தவனுக்கு மட்டும் ஏதோ ஒரு படியில் கால் ஒட்டிக்கொள்ளும், பாதம் வீங்கும். திரும்பிப் போகிறேன் என்று உடனே மனதார நினைத்தால் விட்டுவிடும். முதலில் வந்த மும்பை ஆடிட்டர் கடைசிப் படிக்கு முந்தைய படிவரை போய்விட்டார். அனன்யாவின் அம்மா ரமா செய்த சொஜ்ஜியை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். மேலே நின்ற அனன்யாவுக்கு அன்று உயிர் போய் வந்தது. ஏறி வருகிறவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கிருஷ்ணப்பா மேஸ்திரி படிகளை உடைத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கிரானைட் போட்டுக் கொடுத்தார். கிரானைட்டும் நிறுத்தியது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சந்தானம், வீட்டுக்கு வெளியாட்களைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார். கோத்திரம் மட்டும் வேறாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் நம்மைப் போலவே இருக்கட்டும் என்று இன்னும் நெருக்கமான இடங்களாகத் தேடினார். சென்னைப் பையன் பாதியில் நின்றான். மைசூர்ச் சொந்தக்காரன் அதற்கும் கீழே நின்றான். கணக்கில் புலி என்று பெயரெடுத்த மனிதர் இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. அனன்யா ஹெப்பாளுக்கு அப்பால் ஒரு விதை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள். பெட்டூனியாப் பூவில் விழும் மகரந்தம் ஒரு குழாயாக முளைத்துச் சூலகத்தை நோக்கி இறங்கும். அதே செடியின் மகரந்தமோ நெருங்கிய உறவுச் செடியினுடையதோ என்றால், பூ அடையாளம் கண்டு வழியிலேயே நிறுத்திவிடும்; குழாயின் நுனி வீங்கிச் செத்துப்போகும். இதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவள் வேலை.

"அப்பா, படி வெளியாளைத் தடுக்கலை. நம்ம மாதிரி இருக்கறவாளைத்தான் தடுக்கறது."

"பூவுக்குத் தெரியறது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சந்தானம் பேப்பரைப் பிரித்தார்.

அவளோடு வேலை செய்த ரிச்சர்ட்ஸ் டவுன் கிறிஸ்தவப் பையன் லாயிட்டைத்தான் அவள் விரும்பினாள். அவன் தினமும் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று திரும்பினான். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை.

போன ஆவணியில் ரமா தன் அண்ணன் மகன் கேசவை அழைத்து வந்தாள். முறைப்பையன், இதைவிட நெருக்கம் கிடையாது. முதல் படியிலேயே நின்றான். அவன் திரும்ப நினைப்பதற்குள் ரமா கையைப் பிடித்து இழுத்தாள். "ஏறுடா கண்ணா, இன்னும் கொஞ்சம்தான்." அத்தை பேச்சைத் தட்டத் தெரியாத பிள்ளை முயன்றுகொண்டே இருந்தான். வீக்கம் முழங்காலைத் தாண்டி மார்புக்கு ஏறியது. இனித் திரும்ப நினைத்தும் கால் வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இழுத்தும் அசையவில்லை. "அத்தை, மூச்சு முட்டறது" என்றான். உதடு நீலமாகிவிட்டது.

அவளை விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்த லாயிட்டும் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்துப் பார்த்தான். மேலிருந்து அனன்யா கத்தினாள். "வேற மகரந்தம் வந்து சேர்ந்துட்டா, பூ அப்புறம் யாரையும் பிடிச்சு வெச்சுக்காதுப்பா! லாயிட்டை அனுப்புங்கோ. சும்மா இல்லை, மாப்பிள்ளையா அனுப்பணும்."

"நீங்க சொன்னா ஏறுறேன் அங்கிள்" என்றான் லாயிட். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

ரமா கேசவின் கையை விட்டாள். "சொல்லுங்கோன்னா, பிள்ளை போயிடுவான்."

"மேல போங்கோ, மாப்பிள்ளை" என்றார் சந்தானம்.

லாயிட் ஏறினான். ஆடிட்டர் நின்ற படியில் அவனும் நின்றான். பிறகு குனிந்து, அவிழ்ந்திருந்த ஷூ லேஸை முடிந்துகொண்டு மேலே போய்ச் சேர்ந்தான். கீழே கேசவின் கால் விடுபட்டது. வீக்கம் வடிந்ததும் காப்பி கேட்டான்.

மறுநாள் காலை வீட்டு முன்சுவரின் மஞ்சள் பெயின்ட் மொத்தமும் உதிர்ந்து வாசலில் கிடந்தது. மகரந்தம் சேர்ந்தால் இதழ் உதிரும் என்றாள் அனன்யா. ரமா சரி என்று பெருக்கித் தள்ளிவிட்டுக் கோலம் போட்டாள். சந்தானம் கிருஷ்ணப்பாவுக்கு போன் செய்தார். "யாவ கலர் சார்?" என்று கன்னடத்தில் நிறம் கேட்டார் கிருஷ்ணப்பா. மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி சந்தானம் போனை வைத்தார்.