கும்பிடு போட்ட கட்டுரை

லாண்டரி அக்காவின் கட்டுரை முதன்முதலாகக் கும்பிடு போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். கல்லூரியில் எழுத்துப் பாடம் நடத்தும் பேராசிரியர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியதும் விடைத்தாள் கட்டிலிருந்து அந்தத் தாள் தானாக எழுந்து மேசைமேல் நின்றது. அவர் வாசிக்கட்டும் என்று பாதிவரைக்கும் அசையாமல் இருந்தது. நடுவரிக்கு வந்தாரோ இல்லையோ, இடுப்பை வளைத்துக் குனிந்து, மேல்பாதியால் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டுவிட்டது. அவர் மரியாதை தெரிந்த தாள் என்று நினைத்து நிமிரும்வரை காத்திருந்தார். விரலால் நிமிர்த்தியும் பார்த்தார். நிமிர்த்த நிமிர்த்த இன்னும் பணிவாகக் குனிந்தது. பார்த்த பாதிக்குத்தானே மார்க் போட முடியும்? போட்டார். அவள் ஃபெயில்.

தாளைக் குறை சொல்லிப் பயனில்லை. லாண்டரி அக்கா ஒன்பது வயதிலிருந்து எழுதியதெல்லாம் மனுக்கள்தான். அப்பா மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவர், எழுத்து வாசனை இல்லாதவர். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். தம்பியின் பள்ளிக்கூடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, குடியிருந்த அறையைக் காலிசெய்ய வைக்காதீர்கள் என்று கேட்டு, பிறகு தெருக்காரர்கள் எல்லோருக்குமாகவும் எழுதினாள். அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே அவள் எழுதிய ஒரு மனுவால்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தொன்றாவது வயதில் பகல் ஷிப்ட் முடித்துக் கல்லூரிக்கு வந்தபோது பேனாவுக்கு அந்த ஒரு பாதைதான் தெரிந்திருந்தது. கடலில் அலை ஏன் உண்டாகிறது என்று கேட்டாலும் காரணங்களை ஒழுங்காக எழுதிவிட்டு, ‘ஆகவே ஐயா அவர்கள் பெரியமனது செய்து இதை ஏற்றுக்கொள்ளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று முடிப்பாள். அலை என்ன செய்யும், பாவம்.

இரண்டாவது தடவை அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். தேர்வு எழுதுவதற்கான வெற்றுத்தாளை மாணவர்களே கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். அவள் தாளுக்குக் கஞ்சி போட்டு, சலவைக்கூடத்துப் பெரிய இஸ்திரி மெஷினில் கொடுத்து, டாக்டர் கோட்டின் காலர்போல விறைப்பாக்கிக் கொண்டுபோனாள். பேராசிரியரின் மேசையில் அது ஜம்மென்று நின்றது. நடுவரி வந்ததும் குனியப் பார்த்தது, முடியவில்லை. முக்கி முனகி, கடைசியில் படக்கென்று இடுப்பில் முறிந்து இரண்டு துண்டாக விழுந்தது. முறிந்த விடைத்தாளுக்கு மார்க் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் தோற்றால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு ஆயுசுக்கும் ஈரத்துணிதான். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“கும்பிட்டா தப்பா? அழுத புள்ளதான் பால் குடிக்கும். நீ பணிஞ்சு எழுதினதாலதானம்மா நம்ம தெருவுல தண்ணி வருது,” என்றார். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

கல்லூரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருந்தது. எழுத்துப் பாடத்தில் தோற்றவர்கள் தாங்களாகவே அங்கே கூடுவார்கள். ஆசிரியர் யாரும் கிடையாது. ஒரு நீள மேசை, ஒரு கெட்டில், ஆளுக்கொரு டம்ளர். பஸ் டிரைவர் ஒருவர் வருவார். அவருடைய கட்டுரை ஏறச் சொன்னவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, வழியில் எல்லா இடத்திலும் நின்று நின்று போகும். வாசிக்கிறவருக்கு உண்மையிலேயே கால் மரத்துப்போகும். ஒரு வாட்ச்மேன் வருவார். அவருடைய முதல் பத்திக்குள் யாராலும் நுழைய முடியாது. நீங்கள் யார், யாரைப் பார்க்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். செல்போன் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டாள். தாள் ஒருமுறை கிணுகிணுத்துவிட்டு அடங்கிவிடும். அவளுக்கு மிஸ்டு கால் என்றே பெயர்.

அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதியவர் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு எல்லா டம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும். அந்தப் பருவம் முழுக்கக் கழுவியது லாண்டரி அக்காதான். “ஐயோ, தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க” என்று தொடங்கும்போதே மிஸ்டு கால் டம்ளர்களை அவள் பக்கம் தள்ளிவிடுவாள். “கழுவறதுன்னா அக்காவுக்கு அவ்ளோ ஆசையா? அங்கயும் கழுவறீங்க, இங்கயும் கழுவறீங்க,” என்பாள். “குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்னு சொல்லுவாங்க தங்கச்சி, உன் பேப்பர் குட்டறதுக்கு முன்னாடியே குனியுதே,” என்பார் டிரைவர். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அவர்கள் கேலி செய்கிற இடத்தில் அவளுக்கு ஏனோ வலித்ததே இல்லை. மாதங்கள் போயின. டிரைவரின் கட்டுரை தேவையான நிறுத்தங்களில் மட்டும் நிற்கப் பழகியது, வாட்ச்மேனின் பத்தி தெரிந்தவர்களை உள்ளே விட்டது, மிஸ்டு கால் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை கொண்டுபோய்விட்டு மயங்கி விழுந்தாள். லாண்டரி அக்காவின் தாள் மட்டும் குனிந்தது குனிந்தபடி.

அப்போதுதான் அறையை மூடப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அங்கே கூடுகிறவர்களிடம் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை, அந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வைக்கலாம் என்று எழுத்துப் பேராசிரியரே பரிந்துரைத்திருந்தார். மூன்றாவது தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. டிரைவர் அலட்டிக்கொள்ளவில்லை. “மனு எழுதறதுல நம்ம லாண்டரிய அடிக்க ஆள் இருக்கா? கும்பிடுற பேப்பர் கையில இருக்கறப்ப எதுக்குப் பயம்?” என்றார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுதி நீட்டினாள். வாட்ச்மேன் வாசித்தார். ‘எதற்கும் வக்கற்ற, அறிவிலும் பிந்திய எங்களைப் போன்ற ஏழை எளியவர்கள்மீது ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. தாள் மிக ஆழமாகக் குனிந்து, மேசை விளிம்பிலிருந்து சரிந்து, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“வக்கத்தவன்னு என்னையுமா எழுதியிருக்கே?” என்று வாட்ச்மேன் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “நான் உன்கிட்ட எப்பம்மா அப்படிச் சொன்னேன்?”

“மனுன்னா அப்படித்தாண்ணே எழுதணும். அப்பத்தான் மனசு எரங்குவாங்க.”

“உன்னப் பத்தி நீ என்ன வேணா எழுதிக்கோ. என் முதுக எதுக்கு வளைக்கறே?”

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். மிஸ்டு கால் டம்ளரைத் தள்ளவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் லாண்டரி அக்காவுக்குத் தன்மேலேயே ஒரு எரிச்சல் கிளம்பியது. தன்னைத் தாழ்த்தி எழுதுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்த மூச்சு பக்கத்திலிருப்பவர்கள் மேலும் பட்டுக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தரையில் கிடந்த தாளைப் பொறுக்கிச் சுக்குநூறாகக் கிழித்துப்போட்டாள். மன்னிப்புக் கேட்காமலே டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வில், உனக்கு உடன்பாடில்லாத ஒரு முடிவை எடுத்துக்கொண்டு மறுத்து எழுது என்று கேட்டிருந்தார்கள். அவள் மாடிப்படி அறையை எடுத்துக்கொண்டாள். முன்னேற்றம் தென்படவில்லை என்பது பொய் என்று முதல் வரியிலேயே எழுதினாள். டிரைவரின் கட்டுரை எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது, மிஸ்டு காலின் வாக்கியம் எந்தச் சொல்லில் அறுபடும், இப்போது எப்படி முடிகிறது என்றெல்லாம் சான்று காட்டி, வந்து பார்க்காதவர் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டாள். வேண்டிக்கொள்ளவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தாள். அவர் பயந்துபோய், “பெரிய மனுஷங்கள இப்படியா கேக்கறது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பஸ்காரரப் பத்தி எழுதினத இன்னொருவாட்டி சொல்லு,” என்றார்.

மூன்றாம் தடவைத் தாள்களை மாணவரை எதிரே வைத்துக்கொண்டுதான் திருத்துவார்கள். லாண்டரி அக்கா பேராசிரியரின் அறைக் கதவை ஒட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். தாள் மேசைமேல் எழுந்து நின்றது. நடுவரி வந்தது. பேராசிரியர் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துப் பாதி மார்க் போடத் தயாரானார். தாள் குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் அவர் கீழ்ப்பாதியையும் வாசித்தார், காது சிவந்தது.

“நீங்க சொல்றத நான் ஒத்துக்கல,” என்றார்.

“ஒத்துக்க வேண்டாம் சார். எங்க ஒத்துவரலைன்னு சொல்லுங்க,” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொன்னது தான்தானா என்று திகைத்தாள்.

அவர் மூன்றாவது பத்தியைத் தட்டிக் காட்டினார். அவள் நான்காவதைக் காட்டினாள். அவளுக்கு மார்க் அறுபத்தொன்று கிடைத்தது என்பதும், அறை தப்பித்தது, ஆனால் ஜெராக்ஸ் மெஷினும் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதும் பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்தவை. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்: இந்த வாதம் இப்போதைக்கு முடியாது என்று கண்ட பேராசிரியர் எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு, கட்டுரையைப் பார்த்து, “உட்காருங்க,” என்றார். தாள் இறங்கி வந்து உட்கார்ந்தது. கதவோரம் இன்னும் நின்றுகொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. லாண்டரி அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.