பதினான்கு புள்ளி எட்டு

1

என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. அல்சூரில் ஒரு தமிழ் அமைப்பு கல்லூரி மாணவர்களுக்காக மலர் போடுகிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் சந்தானம் போன வாரம் போன் செய்தார்.

"மேடம், நீங்க நல்ல மார்க் வாங்கி, இப்போ கெமிஸ்ட்ரி லெக்சரரா இருக்கீங்க. படிப்புல ஜெயிக்கிறவங்களுக்கு என்ன குணம் வேணும், என்ன பழக்கம் வேணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பசங்களுக்கு யூஸ் ஆகும்."

சரி என்றேன். எழுதிய முதல் வாக்கியம் இது: வெற்றி பெறும் மாணவர் அதிகாலையில் எழுகிறார், நேரம் தவறுவதில்லை, எதையும் வீணாக்குவதில்லை, எப்போதும் உண்மை—

அதற்கு மேல் வரவில்லை. அரை வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. (கட்டுரை வராது என்று சந்தானத்திடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கவலை வேறு.)

2

அந்த வாக்கியத்தில் 'உண்மை' என்று எழுதியதும் நினைவுக்கு வந்தவள் பியாட்ரிஸ். பி.எஸ்ஸி.யில் மூன்று வருடம் என் பக்கத்து இருக்கை.

முதலில் அவளை ஏழையாக எழுதினேன். அப்பா இல்லாத பெண், கிழிந்த செருப்பு, ஈஜிபுராவிலிருந்து நடந்தே வருபவள். உங்களுக்கு உடனே இரக்கம் வந்திருக்கும். ஆனால் அது பொய். அவள் அம்மா பவுலின் கான்வென்ட் ஸ்கூலில் டீச்சர். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. எங்கள் வீட்டில்தான் இல்லை.

அடுத்து அவளைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். அதில் பாதி நிஜம். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வருவாள். நோட்ஸ் எடுக்கமாட்டாள். பின் வரிசையில் வேர்க்கடலை தின்பாள். நானோ ஐந்து மணிக்கு எழுந்து, மார்ஜின் போட்டு, தேதி எழுதிப் படிப்பவள். சந்தானம் கேட்ட பழக்கங்களில் ஒன்றுவிடாமல் எல்லாம் என்னிடம் இருந்தன. அவளிடம் அநேகமாக ஒன்றுமில்லை. அவளைச் சோம்பேறியாக எழுதினால், பிறகு அவளுக்கு நடந்தது நியாயமாகத் தோன்றும். அதற்காகத்தான் எழுதினேன் என்பது இரண்டு பக்கம் போன பிறகே எனக்குப் புரிந்தது.

அடித்துவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

3

1994 ஏப்ரல். கடைசி வருட பிராக்டிகல் பரீட்சை. எங்கள் மேஜையில் நான், அர்ஜுனன், பியாட்ரிஸ். மூவருக்கும் பொதுவாக இரண்டு பாட்டில்கள், ஒன்றில் அமிலம், ஒன்றில் காரம். காரத்தைக் குடுவையில் அளந்து ஊற்ற வேண்டும். இன்டிகேட்டர் விட்டால் ரோஸ் நிறமாகும். மேலேயிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போகிற அந்த நொடியில் நிறுத்தி ரீடிங் எடுக்க வேண்டும்.

எனக்கு இருபது மில்லி வந்தது. சரியான விடை. முதலில் முடித்தவள் நான்தான்.

பீக்கரில் கொஞ்சம் அமிலம் மிச்சம் இருந்தது. மிச்சத்தை சிங்க்கில்தான் கொட்ட வேண்டும், பாட்டிலில் திரும்ப ஊற்றவே கூடாது. முதல் வருடம் முதல் நாளே சொல்லித்தருவது இது. ஆனால் எங்கள் வீட்டில் எதையும் கொட்டமாட்டோம். செக்ரடேரியட்டில் வேலை பார்த்த அப்பா வெங்கடராமன், வந்த கவரையே பிரித்துத் திருப்பி ஒட்டி அனுப்புகிறவர். கை தானாகப் பாட்டிலுக்குப் போனது. ஊற்றி முடித்த பிறகுதான் லேபிளைப் பார்த்தேன். அது காரப் பாட்டில். அமிலம் கலந்தால் காரம் பலமிழக்கும், அதற்குப் பிறகு எடுப்பவருக்கு ரீடிங் குறைந்துதான் வரும்.

(இந்த இடத்தில் 'என் இதயம் படபடத்தது' என்று எழுதி அடித்தேன். நிஜத்தில் எனக்கு வந்தது ஒன்றுக்குப் போக வேண்டும் என்ற உணர்வுதான்.)

எக்ஸாமினரிடம் சொல்லியிருந்தால் புதுப் பாட்டில் வந்திருக்கும், ஐந்து நிமிட வேலை. எனக்கு மார்க் போகுமோ, வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கையில் அர்ஜுனன் அந்தப் பாட்டிலை எடுத்தான். பிறகு பியாட்ரிஸ் எடுத்தாள்.

லேப் அட்டெண்டர் எங்கள் பின்னால் நடந்தபடி, "இப்பத்து பருத்தே, இப்பத்து" என்று முணுமுணுத்தார். இருபது வரும் என்று கன்னடத்தில். வருடா வருடம் அவர் செய்யும் தர்மம் அது. அர்ஜுனன் தன் ரீடிங்கைப் பார்க்கக்கூட இல்லை, இருபது என்று எழுதிவிட்டான்.

பியாட்ரிஸ் என் பக்கம் சாய்ந்தாள்.

"ரஞ்சனி, எனக்கு பதினாலு பாயின்ட் எட்டு வருதுடி. உனக்கு?"

"இருபது."

"மூணு தடவ பண்ணிட்டேன். மூணுலயும் அதே தான்."

"மாத்தி எழுதிடு. எல்லாரும் இருபதுதான் எழுதறாங்க."

"வராதத எப்படி எழுதறது?"

அவள் என்னையே பார்த்தாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். நான் ரெக்கார்ட் நோட்டை மூடி, ரப்பர் பேண்ட் போட்டேன்.

4

பிராக்டிகலில் அவள் ஃபெயில். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், ரிசல்ட் வந்ததும் சேரவேண்டியது. அது போயிற்று. மறு வருடம் திரும்ப எழுதிப் பாஸ் செய்தாள். நான் அதற்குள் எம்.எஸ்ஸி. முதல் வருடத்தை முடித்திருந்தேன். அவள் பாஸான ரிசல்ட் வந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பவுலின் ஆன்ட்டி கேக் கொடுத்தார். தின்றேன்.

இங்கேயே நிறுத்தினால், நேர்மை தோற்கும் என்ற கதை ஆகிவிடும். அதுவும் எனக்குச் சௌகரியமான கதைதான். தப்பு நேர்மையின் தலையில் போய்விடும், என் தலையில் இருக்காது.

5

இந்த வருடம் எங்கள் கல்லூரிப் பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து எக்ஸாமினராக வந்திருப்பவள் பியாட்ரிஸ். அவளும் இப்போது வேறு கல்லூரியில் லெக்சரர். மூன்று நாள் பரீட்சை. முந்தாநாள், முதல் நாள், சுஹாஸ் என்ற பையனுக்கு ரீடிங் தாறுமாறாக வந்தது.

"தினம் லேட்டா வர்றவன். கவனமே கிடையாது" என்றேன்.

"இருக்கட்டும். பாட்டிலை மொதல்ல மாத்திப் பாக்கலாமே" என்றாள். மாற்றினார்கள். தப்பு பையனிடம்தான் இருந்தது. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை.

டீ குடிக்கும்போது தானாகவே ஆரம்பித்தாள்.

"அந்த வருஷம் மம்மி என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, தெரியுமா? எனக்கு ரோஸ் கலர் சரியா தெரியலயோன்னு. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னார். நான் நம்பல. அடுத்த வருஷம் லேப்ல ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கறவள கேப்பேன், கலர் போயிடுச்சா, போயிடுச்சான்னு." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ பக்கத்துலயே இருந்தியே ரஞ்சனி. ஏதாவது கவனிச்சியா?"

"இல்லப்பா" என்றேன்.

பத்து வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல் தயாராக இருந்தது. யோசிக்கவே தேவைப்படவில்லை. பழக்கம் என்றால் என்ன என்று கட்டுரையில் எழுதத் தெரியாமல் நின்றேனே, இதுதான்.

6

இன்று பரீட்சையின் கடைசி நாள். மாணவர்கள் போய்விட்டார்கள். மார்க் பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மேலே உள்ள ஐந்து பகுதிகளை அவளிடம் கொடுத்து, "படிச்சுப் பாரு" என்றேன். "கதையா? நீயா?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து படிக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், சும்மா இருந்தால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதால்.

முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவள் எழுந்து போகிறாள். ஒன்றில் அழுகிறாள். இன்னொன்றில் "போனா போகுது விடுடி" என்கிறாள். அதை எழுதும்போது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். அவள் வாயில் நான் எந்தச் சொல்லை வைத்தாலும் அது என் வசதிக்குத்தான் இருக்கும்.

வேர்க்கடலை வரிக்குச் சிரித்தாள். இப்போது சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னால் போய், மூன்றாம் பகுதியை இரண்டாவது முறை படிக்கிறாள். விரல் ஒரு வரியில் நிற்கிறது. எந்த வரி என்று இங்கிருந்து தெரியவில்லை.

நிமிர்ந்துவிட்டாள். என் பேனாவுக்காகக் கை நீட்டுகிறாள்.

இதற்குக் கீழே என்ன இருந்தாலும் அது அவள் எழுதியது. ஒன்றும் இல்லாவிட்டால், அதுவும்—